எலும்பு மஜ்ஜையை எம்.ஆர்.ஐ மூலம் ஆராய்தல்

எலும்பு மஜ்ஜை என்பது எலும்புகளின் உள்ளே நிறைந்துள்ள மென்மையான திசு ஆகும். இரத்த அணுக்களை உருவாக்கும் சிவப்பு மஜ்ஜை, பெரும்பாலும் கொழுப்பாலான மஞ்சள் மஜ்ஜை என இது இரு வகைப்படும். எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பின் கடினமான பகுதியே தெரியும். காந்தப்புலத்தையும் வானொலி அலைகளையும் பயன்படுத்தும் எம்.ஆர்.ஐ படத்தில் மஜ்ஜையே நேரடியாகத் தெரியும்.

செயல்படும் விதம்

நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞைகளிலிருந்து எம்.ஆர்.ஐ படம் உருவாகிறது. டி1 வகைப் படத்தில் கொழுப்பு வெண்மையாகவும் நீர் கருமையாகவும் தோன்றும். சிவப்பு மஜ்ஜையில் ஏறத்தாழ 40 விழுக்காடும், மஞ்சள் மஜ்ஜையில் ஏறத்தாழ 80 விழுக்காடும் கொழுப்பு உள்ளது. எனவே மஞ்சள் மஜ்ஜை கூடுதல் வெண்மையாகத் தெரியும்.

வயதும் மஜ்ஜையும்

பிறக்கும்போது ஏறக்குறைய எல்லா எலும்புகளிலும் சிவப்பு மஜ்ஜையே இருக்கும். பின்னர் கைகால் நுனிகளிலிருந்து தொடங்கி, உடலின் நடுப்பகுதியை நோக்கி அது மஞ்சளாக மாறுகிறது. சுமார் 25 வயதுக்குப் பின் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்பு, மார்பெலும்பு போன்றவற்றிலேயே சிவப்பு மஜ்ஜை மிகுதியாக எஞ்சும். ஆகவே, குழந்தைக்கு இயல்பான ஒரு தோற்றம் முதியவரிடம் நோயின் அறிகுறியாகலாம்.

நோயறிதலில் பயன்

டி1 படத்தில் பெரியவர்களின் முள்ளெலும்பு, அடுத்துள்ள இடைத்தட்டைவிட வெண்மையாக இருப்பது இயல்பு. அதைவிடக் கருமையாக இருந்தால், புற்றணுக்கள் கொழுப்பின் இடத்தைப் பிடித்திருக்கலாம் என்ற ஐயம் எழும்.

மல்டிபிள் மைலோமா என்னும் மஜ்ஜைப் புற்றுநோயில் இதன் பயன் பெரிது. எலும்பின் தாதுச்சத்தில் 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்த பின்னரே எக்ஸ் கதிர்ப் படத்தில் அரிப்பு தெளிவாகத் தெரியும். எம்.ஆர்.ஐ அதற்கு முன்பே மாற்றத்தைக் காட்டிவிடும். 2014 இல் வெளியான பன்னாட்டு வரையறையின்படி, மஜ்ஜையில் மைலோமா அணுக்கள் இருப்பது முன்பே தெரியவந்தவரின் எம்.ஆர்.ஐ படத்தில் 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் ஒன்றுக்கு மேற்பட்ட புண்கள் காணப்பட்டால், வேறு அறிகுறி இல்லாவிடினும் சிகிச்சையைத் தொடங்கலாம். எலும்பு முறியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வரம்புகள்

கடுமையான இரத்தசோகையிலும், வெள்ளணுக்களைப் பெருக்கும் மருந்துகளாலும் மஞ்சள் மஜ்ஜை மீண்டும் சிவப்பாக மாறக்கூடும். படத்தில் இது புற்றுநோய் போலத் தோன்றலாம். எனவே படத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை. பெரும்பாலும் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜைத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து நோயை உறுதி செய்கின்றனர். திசுச் சோதனை ஓரிடத்தின் நிலையை மட்டும் கூறும், எம்.ஆர்.ஐ பல எலும்புகளின் நிலையை ஒருசேரக் காட்டும். அதனால் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகவே பயன்படுத்தப்படுகின்றன.