அலைக்குள் ஒரு வள்ளம்

நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே முட்டம் கடல். ஆனி, ஆடியில் அலை ஆளுயரத்தை மிஞ்சும். அங்கே ஒரு வள்ளத்தை ரேடாரால் தேடினால், ரேடார் துடிப்பை வள்ளம் திருப்பி அனுப்புவதுபோல ஒவ்வொரு அலையும் திருப்பி அனுப்பும்; திரை முழுக்கப் புள்ளிகள். ஃபைபர் வள்ளத்தின் எதிரொலியோ இரும்புக் கப்பலுடையதைவிட மிகவும் மங்கல்.

ஆன்டெனா ஒரு சுற்று வருவதற்குள் அலையின் முகடு உருமாறிவிடும். வள்ளம் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். பல சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அலைப்புள்ளிகள் கரையும், வள்ளம் தங்கும். கணினி ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்க இரைச்சலின் சராசரியோடு ஒப்பிட்டு, தெளிவாக மிஞ்சுவதையே ஏற்கும். அந்த வரம்பைத் தாழ்த்தினால் அலையெல்லாம் வள்ளமாகும். உயர்த்தினால் வள்ளம் காணாமல் போகும்.

அலைக்குள் வள்ளத்தைத் தேட வேண்டிய நாள்கள் உண்டு: 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயலன்று, கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள்.