வயதோடு ஏறும் பிரீமியம்

மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் கட்டும் பணத்தைப் பிரீமியம் என்கிறோம். வேலையில் இருக்கும்வரை பலருக்கு இந்தக் கவலை இல்லை. தொழிலாளிகள் எல்லோரையும் ஒரே குழுவாகச் சேர்த்துக் கம்பெனியே காப்பீடு செய்துவிடும். ஓய்வு பெற்றதும் அது பெரும்பாலும் நின்றுவிடும். பிறகு சொந்தப் பணத்தில் பாலிசி எடுக்க வேண்டும்.

நாக்பூரில் ஒரு மில் தொழிலாளி ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டும் பிரீமியம் ரூ.20,000. அது ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறுகிறது. அடுத்த ஆண்டு ரூ.22,000. அதற்கும் அடுத்த ஆண்டு ரூ.24,000 அல்ல, ரூ.24,200. ஏனென்றால், ஏறிய தொகையின் மேல்தான் மறுபடியும் ஏற்றம் வருகிறது. வட்டிக்கு வட்டி போலத்தான். எட்டு முறை ஏறினால் ரூ.42,872 ஆகிவிடும். அவருடைய பி.எஃப். பென்ஷனுக்கோ அகவிலைப்படி கிடையாது!

ஏன் ஏறுகிறது? வயது கூடினால் நோய் வரும் வாய்ப்பும் கூடும். அதனால் கம்பெனிகள் வயதுவாரியாகப் பிரீமியம் வைத்திருக்கின்றன. மருந்து, பரிசோதனை, அறை வாடகை ஆகியவற்றின் விலையும் ஏறுகிறது. முதல் ஆண்டுத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்களே அதிகம். 75 வயதில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்க அரசின் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. 60 வயது ஆனவர்களுக்கு ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் தன்னைக் கேட்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் அது உத்தரவு போட்டது. தனிநபர் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. போன ஆண்டு ஆஸ்பத்திரிச் செலவை வாங்கினார் என்பதற்காக ஒருவருக்குப் பாலிசியைப் புதுப்பிக்க மறுக்கவும் கூடாது.

பிரீமியம் ஏறியதும் கோபத்தில் பாலிசியை விட்டுவிடுகிறார்கள் சிலர். இதில்தான் பெரிய நஷ்டம். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்று முன்பே இருக்கும் நோய்களுக்குப் புதுப் பாலிசியில் மூன்று ஆண்டுவரை காத்திருக்கச் சொல்லலாம். பாதியில் விட்டு வேறு பாலிசி எடுத்தால் அந்தக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்குப் பதில் வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளக் கேட்கலாம். காத்திருந்த ஆண்டுகளும் கணக்கில் சேரும். ஆனால், புதுப்பிக்கும் நாளுக்கு 45 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். புதுக் கம்பெனி சம்மதிக்கும்வரை பழைய பாலிசியைக் கைவிடக் கூடாது.

ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கைத் தாமே ஏற்பதாக ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும். ஆனால் அந்தப் பணம் நோய் வரும்போது கையில் இருக்க வேண்டும்.

70 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2024 அக்டோபர் முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் அவர்கள் வருமானக் கணக்கு இல்லாமல் சேரலாம். தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் சேரலாம். ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் தங்கிச் சிகிச்சை பெறலாம். கணவன், மனைவி இருவருக்கும் 70 ஆகியிருந்தால் அந்த ரூ.5 லட்சம் இருவருக்கும் பொது. பதிவு செய்ய ஆதார் அட்டை வேண்டும்.