ரூபாயின் மதிப்புச் சரிவும் மக்கள் வாழ்வும்

ஒரு நாட்டின் நாணயம் அயல்நாட்டு நாணயங்களுக்கு எதிராக மதிப்பிழக்கும்போது, அதன் விளைவு வங்கிகளோடு நின்றுவிடுவதில்லை. 2022 அக்டோபரில் ஓர் அமெரிக்க டாலரின் விலை 83 ரூபாயைத் தொட்டது. 2025 டிசம்பரில் அது 90 ரூபாயைக் கடந்தது. டாலரைக் கண்ணால் கண்டிராத குடும்பங்களையும் இம்மாற்றம் எட்டுகிறது. ஆயினும் அது எல்லோரையும் ஒரே வகையில் தாக்குவதில்லை. இதனால் இழப்போர் யார், பெறுவோர் யார் என்பதை ஆராய்வது அவசியமாகும்.

குறைப்பும் சரிவும்

அரசு ஆணையிட்டு நாணயத்தின் மதிப்பைத் தாழ்த்துவது மதிப்புக் குறைப்பு எனப்படும். சந்தையில் டாலரின் தேவை மிகுவதால் ரூபாய் தானே இறங்குவது மதிப்புச் சரிவு ஆகும். 1966 ஜூன் 6-ஆம் நாள் டாலரின் விலை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாக உயர்த்தப்பட்டது முதல் வகையைச் சார்ந்தது. 1991 ஜூலைத் தொடக்கத்தில், சில வார இறக்குமதிக்கே அன்னியச் செலாவணி எஞ்சியிருந்த நிலையில், மதிப்பு இரு கட்டங்களாகக் குறைக்கப்பட்டது. ஏறத்தாழ 21 ரூபாயாக இருந்த டாலர் சுமார் 26 ரூபாயாயிற்று. 1993 மார்ச் முதல் மாற்று விகிதத்தைச் சந்தையே நிர்ணயித்து வருகிறது. கடும் ஏற்ற இறக்கங்களைத் தணிக்க மட்டுமே ரிசர்வ் வங்கி தலையிடுகிறது.

நாணயத்தின் மதிப்பு குறைந்தால் ஏற்றுமதி பெருகும் என்பது பொது விதி. ஆனால் 1966-இல் அவ்விதி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. தேயிலை, சணல் போன்ற பழைய ஏற்றுமதிப் பண்டங்களுக்கு, விலை குறைந்தாலும் அயல்நாட்டுத் தேவை பெரிதும் கூடவில்லை. அடுத்தடுத்து நேர்ந்த வறட்சியால் உணவுப் பொருள்களின் விலையும் ஏறியது. விற்பதற்கு ஏற்ற பொருள்களும், அவற்றை வாங்க ஆளும் இருந்தாலன்றி நாணயச் சரிவு தானே நன்மை பயக்காது என்பது இதனால் விளங்கும்.

அடுப்பங்கரையில் தோன்றும் விளைவு

பெங்களூரின் கிழக்கே காக்ஸ் டவுனை அடுத்துள்ள ஜீவனஹள்ளி போன்ற ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். அங்கு வாழும் குடும்பம் மளிகைக் கடையில் வாங்கும் பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியா நாடுகளிலிருந்து வருவது. சூரியகாந்தி எண்ணெயும் பெரும்பாலும் இறக்குமதியே. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையிலும் சமையல் எரிவாயுத் தேவையிலும் பாதிக்கு மேல் அயல்நாடுகளைச் சார்ந்துள்ளது. கச்சா எண்ணெயில் இப்பங்கு 85 விழுக்காட்டுக்கும் அதிகம்.

ஒரு டன் எண்ணெயின் உலக விலை 1,000 டாலர் என்றும், சுங்கத் தீர்வை 10 விழுக்காடு என்றும் கொள்வோம். டாலர் 83 ரூபாயாக இருக்கையில் தீர்வை உட்பட அடக்கவிலை 91,300 ரூபாய். டாலர் 90 ரூபாயானால் 99,000 ரூபாய். உலக விலை சிறிதும் ஏறாதபோதே கிலோவுக்கு 7 ரூபாய் 70 காசு கூடிவிடுகிறது. தீர்வையும் ரூபாய் மதிப்பின் மேலேயே கணக்கிடப்படுவதால், நாணயம் சரியும்போது வரியும் உடன் ஏறுகிறது. டீசல் விலை ஏறினால், கோலாரிலிருந்து வரும் தக்காளியின் வண்டி வாடகையும் ஏறும். எண்ணெய் நிறுவனங்கள் விற்பனை விலையை உடனே மாற்றாதபோது, அச்சுமை நிறுவனங்களின் கணக்கிலோ அரசின் வரவு செலவுத் திட்டத்திலோ போய்ச் சேர்கிறது.

அரசு ஊழியருக்கு விலைவாசிக் குறியீட்டையொட்டி அகவிலைப்படி உயர்கிறது. வீட்டு வேலை செய்வோர், தள்ளுவண்டி வணிகர், கட்டடத் தொழிலாளர் போன்றோரில் பெரும்பாலோர்க்கு நடைமுறையில் அத்தகைய காப்பு இல்லை. வருவாயில் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் இவர்கள்மீதே சுமை மிகுதியாக விழுகிறது.

தொழில்களின் நிலை

இதே பெங்களூரில் மென்பொருள் நிறுவனங்கள் டாலரில் வருவாய் ஈட்டி, ஊதியத்தில் பெரும்பகுதியை ரூபாயில் வழங்குகின்றன. ஆகவே சரிவு அவற்றுக்கு ஆதாயமாகிறது. எனினும் அயல்நாட்டு வாடிக்கையாளர் கட்டணக் குறைப்புக் கோரினால் அதில் ஒரு பகுதி கைநழுவும்.

பீனியா தொழிற்பேட்டையில் உள்ளவை போன்ற சிறு பொறியியற் பட்டறைகளின் கணக்கு வேறு. ஒரு பட்டறை 1,000 டாலருக்கு உதிரிப் பாகங்களை ஏற்றுமதி செய்வதாகக் கொள்வோம். டாலர் 83-லிருந்து 90 ரூபாயானால் வரவு 7,000 ரூபாய் கூடும். அதற்கு 400 டாலர் பெறுமான சிறப்பு எஃகை இறக்குமதி செய்திருந்தால் செலவு 2,800 ரூபாய் கூடும். எஞ்சும் ஆதாயம் 4,200 ரூபாயே. உள்நாட்டில் மட்டும் விற்கும் பட்டறைக்கோ செலவு மட்டுமே ஏறுகிறது. பெரிய நிறுவனங்கள் வங்கியுடன் முன்பேர ஒப்பந்தம் செய்து, வருங்கால டாலருக்கு இன்றே விலை நிர்ணயித்துக்கொள்கின்றன. சிறு தொழில் முனைவோரில் பலர் இவ்வசதியைப் பயன்படுத்துவதில்லை.

குடும்பங்களுக்கிடையிலும் இவ்வேறுபாடு உண்டு. ஐக்கிய அரபு எமிரேட்ஸின் திர்ஹாமும் சவூதி அரேபியாவின் ரியாலும் டாலருடன் பிணைக்கப்பட்டவை. அங்கிருந்து பணம் பெறும் இல்லங்களுக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கிறது. ஆனால் ஆண்டுக்கு 20,000 டாலர் கட்டணத்தில் மகளை அமெரிக்காவில் படிக்கவைக்கும் இல்லத்துக்கோ செலவு 16.6 லட்சத்திலிருந்து 18 லட்சம் ரூபாயாகிறது.

செய்யத்தக்கவை

மாற்று விகிதத்தை எந்நாளும் ஒரே நிலையில் பிடித்து நிறுத்த முயல்வது ஆபத்தானது. இலங்கையில் செலாவணி இருப்பு கரைந்தபின், 2022 மார்ச்சில் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. இரண்டே மாதங்களில் டாலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. எனவே சரிவைத் தடுப்பதைவிட, அதன் சுமையைப் பங்கிடுவதே நடைமுறைக்கு உகந்த கொள்கையாகும். 2025 மே இறுதியில் சுத்திகரிக்கப்படாத சமையல் எண்ணெய்களுக்கான அடிப்படைச் சுங்கத் தீர்வையை 20-லிருந்து 10 விழுக்காடாக அரசு குறைத்தது இத்தகைய நடவடிக்கையே. எண்ணெய் வித்து உற்பத்தியைப் பெருக்குவதும், சிறு தொழில்களுக்கு முன்பேர ஒப்பந்த வசதியை எளிதாக்குவதும், பொது விநியோக முறையை வலுப்படுத்துவதும் இதனோடு இணைய வேண்டும். ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் தெரியும் ஆதாயத்தோடு, கூலியில் வாழும் இல்லத்தின் எண்ணெய்ச் செலவையும் சேர்த்துப் பார்த்தாலன்றி, ரூபாயின் சரிவு நாட்டுக்கு நன்மையா தீமையா எனத் தீர்ப்பளிப்பது பொருந்தாது.