போலீஸை ஏமாற்றியவள் பணத்தைப் பறிகொடுத்த கதை! - 'கான் கேர்ள்' நாவல்

ஐந்தாவது திருமண நாளில் மனைவி ஏமியைக் காணவில்லை. சந்தேகம் கணவன் நிக் மீது. கில்லியன் ஃப்ளின்னின் 'கான் கேர்ள்' (2012) இப்படித்தான் தொடங்குகிறது. (நாவலைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இனி முடிச்சு அவிழும்!)

பாதிக் கதையில்தான் தெரிகிறது, ஏமி ஒளிந்திருக்கிறாள். நாம் நம்பிப் படித்த அவள் டைரியே ஜோடனை. துரோகம் செய்த கணவனைக் கொலைகாரனாக்கத் திட்டம். அத்தனை கெட்டிக்காரியும் சறுக்குவது போலீஸிடம் அல்ல, பக்கத்து கேபின்காரர்களிடம்! கையிருப்புப் பணத்தை அவர்கள் பறித்துக்கொள்கிறார்கள். செத்துப்போனதாக ஊரை நம்பவைத்தவள் எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பாள்? வேறு வழியின்றிப் பழைய காதலனை அழைக்கிறாள். அவன் வீடு இன்னொரு சிறை.

ட்விஸ்ட்டுகளைவிட இந்தப் பணப் பதற்றம்தான் நாவலில் நிஜமாக இருக்கிறது. நிக் பத்திரிகை வேலையை இழந்தவன். ஃப்ளின்னும் 2008-ல் அப்படி வேலை இழந்தவர்தான்.