நுகர்புலன்

நுகர்புலன் என்பது காற்றில் கலந்து வரும் மணங்களை மூக்கின் வழியாக அறியும் ஆற்றல் ஆகும். பார்வையோ கேட்கும் திறனோ குறைந்தால் உடனே மருத்துவரிடம் செல்பவர்கள்கூட, மணம் தெரியாமல் போனால் "சளிதானே" என்று இருந்துவிடுவது உண்டு. அன்றாட வாழ்வில் இப்புலன் செய்யும் வேலையைப் பலரும் அதை இழந்த பிறகே உணர்கிறார்கள்.

உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்தும் தொல்காப்பிய மரபியல், தொடுதல், சுவைத்தல் ஆகியவற்றை அடுத்து நுகர்தலை மூன்றாம் அறிவாக வைக்கிறது. கறையானும் எறும்பும் மூவறிவு உயிர்களாகச் சொல்லப்படுகின்றன. எறும்புகள் பல, முன்னே சென்றவை தரையில் விட்ட மணத்தைப் பின்பற்றியே வரிசையாகச் செல்கின்றன.

மணத்தை அறியும் விதம்

மூக்கறையின் மேற்பகுதியில் ஒரு சிறு பரப்பில் நுகர்வு நரம்புச் செல்கள் உள்ளன. மூச்சுடன் வரும் மணப்பொருள்கள் அங்குள்ள ஈரப்படலத்தில் கரைந்து, அச்செல்களின் ஏற்பிகளைத் தூண்டுகின்றன. மனிதருக்குச் சுமார் 400 வகை ஏற்பிகள் உண்டு. ஒரு மணம் பல ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பி பல மணங்களுக்கு உதவும். சில எழுத்துகளைக் கொண்டு எண்ணற்ற சொற்களை அமைப்பதைப் போன்றது இது. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்த ரிச்சர்டு ஆக்சல், லிண்டா பக் இருவருக்கும் 2004ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சுவையில் மூக்கின் பங்கு

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகியவற்றையே நாக்கு சுவையாக அறிகிறது. மற்றவை பெரும்பாலும் மணமே. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் சர்க்கரைப் பொங்கலை மென்று பார்க்கலாம். இனிப்பு மட்டுமே தெரியும். விரலை எடுத்தவுடன் நெய்யும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் தெரியவரும். மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கை அடைவதே இதற்குக் காரணம்.

ஏன் கவனிப்பதில்லை?

பூக்கடைக்குள் நுழைபவருக்கு மல்லிகை மணம் தூக்கலாகத் தெரியும். நாள் முழுவதும் அங்கேயே இருப்பவருக்கு அது தெரிவதே இல்லை. மாறாமல் வந்துகொண்டிருக்கும் தூண்டலைப் புலனும் மூளையும் சிறிது நேரத்தில் ஒதுக்கிவிடுகின்றன. இதற்குப் புலன் தகவமைவு என்று பெயர். புதிதாக வரும் மணத்தை, எடுத்துக்காட்டாகப் பால் தீயும் வாடையை, உடனே அறிய இது உதவுகிறது. ஆகவே பழகியதைக் கவனிக்காமல் விடுவது மனிதரின் அலட்சியம் மட்டுமன்று, உடலின் இயல்பும் கூட. அதனால்தான் கவனிப்பதற்குத் தனி முயற்சி தேவைப்படுகிறது.

இழப்பு

2020 முதல் பரவிய கொரோனா நோயில் பலர் திடீரென மணம் அறியும் திறனை இழந்தனர். பெரும்பாலோருக்கு அது திரும்பியது. சிலருக்கு மாதக்கணக்கில் திரும்பவில்லை. தலையில் அடிபடுதல், மூக்கினுள் சதை வளர்ச்சி, முதுமை, பார்க்கின்சன் நோய் ஆகியவற்றாலும் இவ்விழப்பு நேரலாம்.

இதில் ஆபத்தும் உண்டு. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே கடும் நாற்றமுள்ள எத்தில் மெர்காப்டான் அதில் சேர்க்கப்படுகிறது. மணம் தெரியாதவருக்கு அந்த எச்சரிக்கை எட்டாது. குழம்பு ஊசிப்போனதும் தெரியாது. உணவில் நாட்டம் குறையும். தம் குழந்தையின் மணமும், மழை பெய்த மண்ணின் மணமும் இல்லாமல் போவது மனச்சோர்வையும் தரும்.

நுகர்வுப் பயிற்சி

நுகர்வு நரம்புச் செல்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாக உருவாகக் கூடியவை. செருமானிய மருத்துவர் தாமசு உம்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இருமுறை, 12 வாரம் முகர்ந்தவர்களுள் சிலருக்கு முன்னேற்றம் காணப்பட்டது. சளி நீங்கிய பின்னும் மணம் திரும்பாவிட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். எரிவாயுக் கசிவை உணர்த்தும் கருவியை வீட்டில் பொருத்துவதும் நல்லது.

நலமாக இருப்பவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, கண்களை மூடிக்கொண்டு, சீரகம், சோம்பு, வெந்தயம், மிளகு ஆகியவற்றை ஒவ்வொன்றாக முகர்ந்து பெயர் சொல்ல வேண்டும். மாணவர்கள் வீட்டிலுள்ள பெரியவர்களையும் இதில் சேர்த்துக்கொள்வது நல்லது. முதுமையில் இத்திறன் மெல்ல மெல்லக் குறைவதால், குறைந்திருப்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.