பெட்டிசம் எழுதிய காலமும் ட்ரயலுக்குப் போகும் காலமும்

ஒரு காலத்தில் மலையகத்து டிக்கோயாவில் ஸ்டியரிங் பிடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தோட்டத் துரையின் கார் ஓட்டுபவர், தொழிற்சாலை லொறிக்காரர், ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையே பஸ் ஓட்டியவர்கள். மற்றவர்களுக்கு வீதி என்பது நடப்பதற்கானது. லொறி ஓட்ட ஆசைப்பட்ட தோட்டத்துப் பையன் முதலில் கிளீனராக ஏறவேண்டும். வண்டி கழுவி, டயர் மாற்றி, பின்னால் தொங்கிக்கொண்டு போய், என்றைக்காவது டிரைவர் மனமிரங்கினால் வெறும் மைதானத்தில் கொஞ்சம் பிடித்துப் பார்க்கலாம். லேர்னர்ஸ் என்கிற சாரதிப் பயிற்சிப் பாடசாலைப் பேச்செல்லாம் பிறகு வந்தது.

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான சட்டம், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம். அது வருவதற்கு மூன்று வருடம் முன்னால், 1948இல், குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கினார்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்; லயத்துக் காம்பராவில் மருத்துவிச்சி கையில் பிறந்த எத்தனையோ பேருக்கு அது கிடையாது. கை கால் திடமான இளைஞனே பரீட்சையின் வாசலுக்குப் போவதற்குள் இவ்வளவையும் தாண்டவேண்டி இருந்தது. போலியோவில் கால் சூம்பியவனோ காது கேளாதவனோ லைசன் கேட்பான் என்று யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவனுமே நினைக்கவில்லை. கேட்காத ஒன்றை மறுத்தார்கள் என்று முறையிட முடியுமா?

முறையிடும் வழியும் அன்றைக்கு வேறு. பெட்டிசம் என்பார்கள். கூரை ஒழுகினால் பெட்டிசம், செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் பேர் விடுபட்டால் பெட்டிசம். எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போய், நடந்ததைச் சொல்லி, அவர் தம் பாணியில் எழுதியதன் அடியில் கைநாட்டு வைத்து, தோட்டத் தலைவர் கையில் கொடுத்தனுப்புவது. தலைவர் மனம் வைத்தால் அது துரையிடம் போகும், இல்லாவிட்டால் அவர் சட்டைப் பையிலேயே நைந்துபோகும். தன் வழக்கைத் தானே கொண்டுபோகும் பழக்கம் மலையில் இருக்கவில்லை. இருக்கவும் விடவில்லை.

அரசாங்கத்துக்குக்கூட அப்போது அதே பழக்கம்தான். நிர்வாகத்தின் அநீதியை விசாரிக்க ஒம்புட்ஸ்மன் என்கிற பாராளுமன்ற ஆணையாளர் பதவி 1981இல் சட்டமானது. நல்ல காரியம். ஆனால் பொதுமகன் அவருக்கு நேராக எழுத முடியாது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாகவே முறைப்பாடு போகவேண்டும். 1947 தேர்தலில் மலையகத் தமிழர் ஏழு பேர் பாராளுமன்றம் போயிருந்தார்கள். வாக்குரிமை பறிபோன பிறகு தேர்தலில் வென்று ஒருவர் மீண்டும் உள்ளே போக 1977 ஆயிற்று, சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா – மஸ்கெலியா தொகுதியில் தேர்வானபோது. ஆக, மற்றவர்களுக்கு நடுவே எம்.பி. ஒருவர், எங்களுக்கு எம்.பி.யும் அவருக்கு முன்னால் தலைவரும். 1994இல் ஒம்புட்ஸ்மன் சட்டத்தைத் திருத்தி, யாரும் நேராக எழுதலாம் என்றார்கள். இந்தத் திருத்தத்தைப் பற்றி மலையில் பேசியவர்கள் குறைவு. எனக்கென்னவோ பல பெரிய வாக்குறுதிகளைவிட இது பெரிதாகத் தெரிகிறது.

இன்றைக்கு வாருங்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்ற நிலையை முடித்துவைத்தன. அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கிறது. தோட்டத்துச் சந்திகளில் ஆட்டோ நிற்கிறது. கொழுந்து மலைக்குப் போகப் பிடிக்காத பையனுக்கு முன்னே இருப்பவை கொழும்புக் கடை, வெளிநாடு, ஆட்டோ. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டி 2017 மே மாதம் திறந்த 150 கட்டில் வைத்தியசாலை இருக்கிறது. மேல் டிவிசன் லயத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோக ஆட்டோதான் கைகொடுக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். தோட்ட வேலை முழுக்கக் கால் வேலை. கொழுந்து பறிப்பது சரிவில், கவ்வாத்து வெட்டுவது சரிவில், தொழிற்சாலைக்குள்ளும் நாள் முழுக்க நின்றபடி. கால் ஊனமான ஒருவருக்குத் தோட்டத்தில் ஏற்ற வேலை என்று அநேகமாக ஒன்றும் இல்லை. ஆட்டோவைப் பாருங்கள். கிளச் இடது கையில், கியரும் அதே கைப்பிடியைத் திருகுவதில், வேகம் வலது கையில். காலுக்குரியது வலப்பக்க பிரேக் மட்டும். இடது கால் செயலற்றவருக்கு அந்த வண்டியில் ஒரு ஆணியைக்கூட மாற்றவேண்டாம். காது கேளாதவருக்கு ஒரு கண்ணாடி கூடுதலாகப் பூட்டினால் போதும். பின்னால் இரண்டு சில்லு பொருத்திய ஸ்கூட்டரை விட மலைக்கு இதுவே பொருத்தம் என்பேன். பக்கச் சில்லு வைத்த ஸ்கூட்டர் வளைவில் சாயாது, எங்கள் வீதியோ வளைவுகளால் ஆனது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பு, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினருக்கு ஏதோ ஒரு இயலாமை உண்டு என்றது. அவர்களில் எத்தனையோ பேருக்கு லைசன் என்பது உல்லாசமல்ல, பிழைப்பு.

ஆனால் லைசனுக்கு முன்னால் ட்ரயல் என்கிற ஓட்டப் பரீட்சை இருக்கிறது. அதற்கும் முன்னால் எழுத்துப் பரீட்சை: 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளைக்கு வீதி விதி தெரியாமலில்லை. அந்த ஒரு மணித்தியாலத்தில் கேள்வியை வாசித்து முடிப்பதே பாடு. ட்ரயலிலோ ஆட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பரீட்சகர் வெளியே தள்ளி நின்று கட்டளையிட்டால், காது கேளாதவருக்கு அவர் வாயசைவு தெரியாது. கட்டளை சிங்களத்தில் மட்டும் வந்தால், காது நன்றாகக் கேட்கும் தோட்டத்துப் பிள்ளையும் அந்த நிமிடம் செவிடுதான். நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளில் தமிழும் நிர்வாக மொழி என்று 1999 நவம்பரிலேயே பிரகடனம் வந்துவிட்டது. பிரகடனம் மைதானம் வரைக்கும் இறங்கி வரவேண்டும், அவ்வளவுதான்.

வாகனச் சிக்கல் தனி. லேர்னர்ஸ் வண்டி எல்லாருக்கும் பொதுவானது. கைப்பிடியால் பிரேக் போடும் வண்டி வேண்டியவர் அதைத் தானே தேடிக்கொண்டு வரவேண்டும். டிக்கோயாவிலிருந்து அப்படியொரு வண்டியை எங்கே தேடுவது?

பிரித்தானியாவில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. பதியும்போதே உங்கள் தேவையைச் சொல்லிவிடலாம். எழுத்துப் பரீட்சையில் கேள்வியைக் குரலில் கேட்கலாம், கூடுதல் நேரம் பெறலாம். ஓட்டப் பரீட்சைக்கும் நேரத்தைக் கூட்டி ஒதுக்குவார்கள். கட்டளையை எழுதிக் காட்டச் சொல்லலாம், சைகை மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிப் போகலாம். பரீட்சை விதிப்படி நடக்கவில்லை என்றால் 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் முறையிடலாம். ஆனால் நீதவான் தோல்வியைத் தேர்ச்சியாக மாற்றமாட்டார். மறுபடி பரீட்சை வைக்கவே உத்தரவிடுவார். இது சரி என்றே நினைக்கிறேன். காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கம் பனி இறங்கும் மாலையில், பரிதாபத்துக்காக லைசன் கொடுக்கப்பட்ட ஒருவர் எதிரே வருவதை யார் விரும்புவார்? கேட்பது மார்க்கில் சலுகையல்ல. கட்டளை விளங்கும்படி ஒரு ட்ரயல்.

முறையிட்டுப் பெற்றவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கேட்கும் திறன் இல்லாததை மட்டும் காரணம் காட்டித் தடுக்கக்கூடாது, பரீட்சையில் தேறினால் லைசன் கொடுக்கவேண்டும் என்று 2011 பெப்ரவரியில் டில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டது இந்தியாவின் தேசிய செவித்திறன் குறைந்தோர் சங்கம். கேரளத்தின் இடுக்கி மாவட்டம், எங்களைப் போலவே தேயிலை மலை. அங்கே தொடுபுழாப் பக்கத்தைச் சேர்ந்த ஜிலுமோள் பிறவியிலேயே இரு கைகளும் இல்லாதவர். காலால் ஸ்டியரிங் பிடிப்பேன் என்று விண்ணப்பித்தவரை அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். விஷயம் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையத்திடம் போயிற்று. அவருக்காகவே காரை மாற்றியமைத்து, குரலுக்கு வேலை செய்யும் கருவி பூட்டி, ஓட்டிக் காட்டி, 2023 டிசம்பரில் முதலமைச்சர் கையால் லைசன் வாங்கினார். இடையில் பல வருடம் ஓடியிருந்தது. அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இலங்கையில் எங்கே போவது? விசேட தேவையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் பாரபட்சத்தைத் தடுக்கிறது. ஆனால் அது பேர் சொல்லிப் பேசுவது வேலை, கல்வி நிறுவனம், கட்டிடங்களுக்குள் போய்வருதல் ஆகியவற்றைப் பற்றி. ஓட்டப் பரீட்சை அந்த வரிசையில் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016 பெப்ரவரியில் நாடு உறுதிப்படுத்தியது. நியாயமான வசதி செய்து தர மறுப்பதும் பாரபட்சமே என்கிறது அது. உள்நாட்டுச் சட்டம் அந்த அளவுக்கு இன்னும் வளரவில்லை.

இருக்கிறதை வைத்தே ஒருவர் வழக்காடி வென்றார். கலாநிதி அஜித் பெரேரா கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் காரில் போய்க்கொண்டிருந்தபோது வீதியோர மரம் சாய்ந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். பொதுக் கட்டிடங்களில் அணுகு வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தும் நடைமுறையில் ஒன்றும் அசையாததால், அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனார். 2009 ஏப்ரல் 27இல் அவர் கேட்டபடி உத்தரவு கிடைத்தது. பரீட்சை நிலையமும் பொதுக் கட்டிடம்தான் என்பதை மாடிப்படி உள்ள ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஞாபகப்படுத்தலாம்.

உயர் நீதிமன்றம் போவதில் ஒரு பொறி உண்டு. உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. சம்பள நாள் வரும்வரை பார்த்திருந்து, மாமாவிடம் கேட்டு, யாரோ சொன்ன சட்டத்தரணியைத் தேடிப் போவதற்குள் மாதம் முடிந்துவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. மலையில் நான் அறிந்த வரையில் இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் வெகு சிலர். தெரிந்தவர்களும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ட்ரயலில் ஏன் தவறினேன் என்று கேட்கவும் இப்போது வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தன் பரீட்சை பற்றிய பதிவைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்; 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. கைநாட்டு வைத்த தாத்தாக்கள் காலத்தில் அலுவலகத்துக் கதவருகே நின்று கெஞ்சிய காரியம் இது.

என்றாலும் லயத்தில் பேச்சு இன்னும் பழையதுதான். “சும்மா கெடய்யா, எழுதிப் போட்டா அடுத்த தடவையும் பெயிலாக்கிருவாங்க” என்று அம்மாவே மகனைத் தடுப்பாள். லேர்னர்ஸ் மாஸ்டரும், “தம்பி, ஒரு ஆளை வச்சுப் பேசுவோம்” என்பார். ஆளை வைத்துப் பேசிப் பேசியே எழுபது வருடம் போயிற்று. அந்த மகன் அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் ஒரு கொப்பித் தாளை எடுத்தால், எழுதவேண்டியது அதிகமில்லை: ட்ரயல் நடந்த திகதி, என்ன வண்டி, தனக்கு இன்ன தேவை என்று முன்கூட்டி யாரிடம் சொன்னான், கட்டளை எந்த மொழியில் எப்படி வந்தது, அதில் எது விளங்கவில்லை. தமிழிலேயே எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, தபாலில் போட்டாலும் போய்ச் சேரும். 1996 என்ற அவசர இலக்கமும் உண்டு. காது கேளாதவர் அதற்கு எப்படிப் பேசுவது என்பதை முறைப்பாட்டின் கடைசி வரியாகச் சேர்த்து எழுதலாம்.