முந்திச் செல்ல வேண்டியது எது?

தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கையில் எதிர்முனைக் குரல் திடீரெனச் சிதைந்து, சொற்கள் பாதி பாதியாக வந்து விழுவதைக் கேட்டிருப்பீர்கள். பேச்சும் படமும் கோப்பும் ஒரே கம்பியில் செல்லும் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இதற்குக் காரணம் பெரும்பாலும் சுவிட்ச் என்னும் இணைப்புப் பெட்டியில் நேரும் நெரிசலே.

கணினி வலையில் எச்செய்தியும் சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. வழக்கமான ஒரு முறையில், குரல் 20 மில்லிவிநாடிக்கு ஒரு பொதியாக, விநாடிக்கு 50 பொதிகளாகப் புறப்படுகின்றது. ஒவ்வொன்றிலும் உள்ள குரல் 160 பைட்டுகளே. கோப்பின் பொதியோ 1500 பைட் வரை சுமந்து வரும். குரலுக்கு இடம் சிறிதே போதும். காத்திருக்க மட்டும் அதனால் இயலாது. கோப்பின் பொதி தவறினால் மீண்டும் அனுப்பிக்கொள்ளலாம். பேசி முடிந்த சொல்லை மீண்டும் அனுப்பி யாது பயன்?

பல வாயில்களின் வழியே வருவன யாவும் ஒரே வாயில் வழியே வெளியேற முற்படும்போது அங்கே வரிசை உண்டாகிறது. விநாடிக்கு 10 கோடி பிட் செல்லும் வாயிலில் 10 லட்சம் பைட் காத்திருந்தால், கடைசியில் நிற்கும் பொதிக்கு 80 மில்லிவிநாடி தாமதம். பேசுபவர் வாயிலிருந்து கேட்பவர் செவிக்கு 150 மில்லிவிநாடிக்குள் குரல் சேர்வது நலம் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதில் பாதிக்கு மேல் ஒரே பெட்டியில் கழிந்துவிடுகிறது!

ஆகவே வரிசையைப் பலவாகப் பிரிக்கின்றனர். ஈத்தர்நெட் பொதியில் சேர்க்கப்படும் 4 பைட் அடையாளச் சீட்டில் 3 பிட்டுகள் முன்னுரிமைக்கென உள்ளன. அவற்றால் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளைக் குறிக்கலாம். இதில் ஒரு விந்தை: 1 என்பது 0வைக் காட்டிலும் தாழ்ந்த நிலை! ஐ.பி. முகப்பிலோ இக்குறிக்கு 6 பிட்டுகள் உண்டு. குரலுக்கு வழக்கமாக 46 என்னும் எண் இடப்படுகிறது. குரல் வரிசை முதலில் காலியாகும். மற்றவை தத்தம் பங்கின்படி முறைவைத்துச் செல்லும். குரல் வரிசைக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். இன்றேல் பின்வரிசைகள் பட்டினி கிடக்க நேரும்.

இந்த ஏற்பாட்டால் கம்பி அகலமாவதில்லை. ஒன்றை முன்னே விட்டால் மற்றொன்று பின்னே நின்றே தீரும். எனவே குறியிடும் உரிமை யாருக்கு என்பதே இதில் தலையாய வினா. முன்பு நம் நாட்டில் டிரங்க் அழைப்புகளில் சாதாரணம், அவசரம், மின்னல் என வகைகள் இருந்தன. விரைவு கூடக் கட்டணமும் கூடிற்று. ஆதலால் வீண்பேச்சுக்கு மின்னல் அழைப்பை நாடியவர் அரியர். பொதியில் 46 என்று குறிப்பதற்கோ காசு எதுவும் இல்லை. விடுதி மாணவர் ஒருவர் தம் திரைப்படப் பொதிகள் அனைத்திற்கும் அக்குறியை இட்டுவிட்டால், முதல்வர் அறைத் தொலைபேசியும் அவற்றின் பின்னே காத்து நிற்கும்.

அதனால்தான் கணினிகள் வந்து சேரும் முதற் சுவிட்சிலேயே காவல் வைக்கின்றனர். தொலைபேசிக் கருவி இட்ட குறியை அது ஏற்கும். பிற கருவிகள் இட்ட குறியை அழித்து 0 ஆக்கிவிடும். பின்னர் எந்த வரிசையில் எத்தனை பொதிகள் கைவிடப்பட்டன என்னும் கணக்கைப் பல சுவிட்சுகள் தாமே காட்டும். குரல் வரிசையில் அவ்வெண் ஏறிக்கொண்டே இருந்தால், உச்சவரம்பு குறைவாயிருக்கலாம். அல்லது குரலல்லாத ஏதோ ஒன்று உள்ளே புகுந்திருக்கலாம்.